காயமே இல்லாத தசையில் சீழ் எப்படி வந்தது? குழந்தைகளின் பயோமயோசைட்டிஸ் பற்றி விரிவான பதில்

மும்பை சயான் கோலிவாடாவிலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கும் கேள்வி இது. மகனுக்கு ஒன்பது வயது, எடை 24 கிலோ. மழை ஈரத்தில் ஃபுட்பால் ஆடும்போது வழுக்கி விழுந்தான். தோலில் ஒரு கீறல்கூட இல்லை. இடுப்பும் வலது தொடையும் வலிக்கிறது என்றதால் சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவிவிட்டார்கள். பக்கத்து கிளினிக்கில் வலிக்கு ஓர் ஊசியும் செஃபிக்சிம் மாத்திரையும் கொடுத்தார்கள். எட்டாம் நாள் காய்ச்சல் 103 டிகிரி. வலது காலை நீட்டவே முடியவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் எம்ஆர்ஐ எடுத்து, முதுகெலும்பை ஒட்டிய சோவாஸ் தசையில் சீழ் கட்டியிருக்கிறது, இது பயோமயோசைட்டிஸ் (தசைக்குள் கிருமி புகுந்து சீழ் பிடிக்கும் நோய்), ஊசி வழியாகச் சீழை எடுக்க வேண்டும் என்கிறார்கள். காயமே இல்லாமல் சீழ் எப்படி வந்தது, எடுத்தே ஆக வேண்டுமா, கிருமி நுரையீரலுக்குப் போகலாம் என்று அங்கே சொன்னது உண்மையா, எத்தனை நாள் ஊசி, பையன் பழையபடி ஓடுவானா? இவைதான் அவருடைய கேள்விகள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் ஓடுவான். சீழ் வெளியே வந்து, சரியான மருந்து முழு நாட்களும் உள்ளே போனால், எலும்போ மூட்டோ கெடாத குழந்தைகள் அநேகமாக எந்தக் குறையும் இல்லாமல் மீள்கிறார்கள். ஆனால் இந்த நோயில் தாமதம் பொல்லாதது. அதனால் ஆஸ்பத்திரியில் என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது என்பதை நீங்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

உடம்பில் கிருமி எளிதில் குடியேற முடியாத இடங்களில் ஆரோக்கியமான தசையும் ஒன்று. ரத்த ஓட்டம் தாராளம். கிருமி வளர்வதற்குத் தேவையான இரும்புச்சத்தை மயோகுளோபின் என்ற புரதம் இறுகப் பிடித்துவைத்திருக்கிறது. 1904-ல் மியாகே என்ற ஆய்வாளர் விலங்குகளின் ரத்தத்தில் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமியைச் செலுத்திப் பார்த்தார். தசை நன்றாக இருந்த இடத்தில் ஒன்றும் நடக்கவில்லை. முன்பே நசுக்கியோ அடிபட்டோ இருந்த தசைகளில் மட்டும் சீழ் பிடித்தது. உங்கள் மகனுக்கு நடந்ததும் ஏறக்குறைய இதுதான். விழுந்தபோது தசைக்குள் சிறிய ரத்தக்கசிவு ஏற்பட்டிருக்கும். அதே நாட்களில் தோலிலோ மூக்கிலோ இருந்த கிருமி கொஞ்சம் ரத்தத்தில் நுழைந்து, அந்தக் கசிவில் போய்த் தங்கியிருக்கும். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற இந்தக் கிருமி ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மூக்கில் எந்தத் தொந்தரவும் தராமல் வாழ்கிறது. சொறிந்த கொசுக்கடி, சிரங்கு, நகக்கண்ணில் ஒரு சின்னக் கொப்புளம், அம்மைக் கொப்புளம் இவை எல்லாமே அதற்கு வாசல்தான். விழுந்த இடத்தில் காயம் இல்லாததற்கும் கிருமி உள்ளே போனதற்கும் முரண்பாடு இல்லை. வாசல் வேறு இடம், தங்கிய இடம் வேறு.

இந்த நோயை வெப்பநாட்டு நோயாக 1885-ல் ஸ்க்ரீபா எழுதிவைத்தார். நம்முடையதைப் போன்ற வெப்பநாடுகளில் பெரும்பாலான கேஸ்களில் கிருமி ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ்தான். அடுத்து ஏ வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ். அதைப் பற்றிப் பிறகு தனியாகச் சொல்ல வேண்டும். ஊட்டக்குறை, சர்க்கரை நோய், எச்ஐவி, கீமோதெரபி உள்ள குழந்தைகளுக்கு இது வரும் வாய்ப்பு அதிகம். ஆனால் நல்ல திடகாத்திரமாக ஓடியாடுகிற பிள்ளைகளுக்கும் வருகிறது. விளையாட்டில் தசைக்கு வேலையும் அடியும் அதிகம் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஆகவே பிள்ளைக்குச் சத்தில்லையோ என்று வீட்டில் யாரும் தங்களைக் குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

நோய் மூன்று கட்டமாக நகரும். முதல் கட்டத்தில் தசைக்குள் வீக்கம் மட்டும் இருக்கும். திரண்ட சீழ் இருக்காது. வலி இழுத்துப் பிடித்த மாதிரி, காய்ச்சல் இலேசாக, தொட்டால் தசை மரக்கட்டை போல இறுகியிருக்கும். தோல் சிவப்பதுகூட இல்லை, ஏனென்றால் பிரச்சினை ஆழத்தில். சுளுக்கு என்று நினைத்து விடுவது இந்தக் கட்டத்தில்தான். இரண்டாம் கட்டம் பெரும்பாலும் பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் வருகிறது, உங்கள் மகனைப் போலச் சற்று முன்னதாகவும் வரலாம். சீழ் திரளும், காய்ச்சல் ஏறும், காலை ஊன்ற முடியாது. பெரும்பாலான குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு வந்துசேர்வது இந்த நிலையில். மூன்றாம் கட்டம் கிருமி ரத்தம் முழுக்கப் பரவுவது. ரத்த அழுத்தம் சரிந்து, நுரையீரல், இதயம், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கும்.

முதல் வாரத்தில் சுளுக்கையும் இதையும் பிரித்துக் காட்டும் அடையாளங்கள் இரண்டு. சுளுக்கு இரண்டு மூன்று நாளில் குறையத் தொடங்கும். இது நாளுக்கு நாள் கூடும். சுளுக்குக்குக் காய்ச்சல் கிடையாது. நொண்டுகிற குழந்தைக்குக் காய்ச்சலும் இருந்தால், விழுந்த கதை எவ்வளவு நம்பும்படியாக இருந்தாலும், அன்றைக்கே ரத்தப் பரிசோதனையும் எலும்பு மூட்டு பார்க்கிற டாக்டரும் வேண்டும். எண்ணெய் தேய்த்து உருவுவதும், கட்டுப் போடுவதும், வெந்நீர் ஒத்தடமும் அந்த இடத்தில் தவறு. உருவும்போது ஏற்கெனவே நைந்த தசை மேலும் நையும். கிருமியும் ரத்தத்துக்குள் தள்ளப்படலாம்.

செஃபிக்சிம் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எந்தக் காய்ச்சலுக்கும் கை அதைத்தான் தேடிப் போகிறது. ஸ்டெஃபைலோகாக்கஸ் மீது அதற்கு வலுவே இல்லை. ஆகவே அது நோயைக் குறைக்காது. ஆனால் வேறு சில கிருமிகளை அரைகுறையாக அடக்கி, பிறகு எடுக்கும் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) ஒன்றும் வளராமல் செய்துவிடலாம். நீங்கள் கொடுத்த மாத்திரையின் பெயரையும் எத்தனை வேளை கொடுத்தீர்கள் என்பதையும் வார்டு டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கல்ச்சர் ரிப்போர்ட்டைப் படிக்கும்போது அது அவருக்குத் தேவைப்படும்.

சோவாஸ் தசையில் வந்தால் ஏன் கண்டுபிடிப்பது கடினம்? அது இடுப்பு முதுகெலும்பின் பக்கவாட்டில் தொடங்கி, வயிற்றுக்குள் குடலுக்குப் பின்னால் இறங்கி, தொடை எலும்பின் உள்பக்கத்தில் சேர்கிறது. வெளியிலிருந்து கையால் தொட முடியாது. தொடையை வயிற்றை நோக்கி மடக்குவதுதான் அதன் வேலை. ஆகவே அதில் சீழ் பிடித்த குழந்தை காலை மடக்கியே வைத்திருக்கும், நீட்டினால் அலறும். இடுப்பு மூட்டுக்குள்ளேயே சீழ் இருந்தாலும் குழந்தை காலை மடக்கித்தான் வைத்திருக்கும், ஆனால் அங்கே எந்தப் பக்கம் அசைத்தாலும் உயிர்போகும் வலி. சோவாஸில், மடக்கிய நிலையிலேயே காலை மெல்ல உள்ளும் வெளியும் திருப்பினால் ஓரளவு பொறுத்துக்கொள்ளும், நீட்டுவதுதான் ஆகாது. நல்ல எலும்பு டாக்டர் இதை இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடுவார். ஆனாலும் பரிசோதனை மட்டும் போதாது. மூட்டுச் சீழுக்கும் சாதாரண மூட்டு நீர்க்கோவைக்கும் வேறுபாடு காண, 1999-ல் கோக்கர் குழுவினர் நான்கு குறிகளைத் தந்தார்கள்: காலை ஊன்ற முடியாமை, 38.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், ஈஎஸ்ஆர் (அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 40-க்கு மேல், வெள்ளணு 12,000-க்கு மேல். தசையில் சீழ் உள்ள குழந்தைக்கும் இந்த நான்கும் இருக்கலாம். மூட்டைத் திறந்து பார்த்து அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்தபின் எம்ஆர்ஐயில் தசைச் சீழ் கிடைப்பது மருத்துவ இதழ்களில் பலமுறை பதிவான விஷயம்.

வலது பக்கம் என்பதால் குடல்வால் அழற்சியும் சந்தேகப் பட்டியலில் இருக்கும். குடல்வால் வெடித்து அதன் சீழ் சோவாஸுக்குள் இறங்குவதும் உண்டு, அதனால்தான் வயிற்று ஸ்கேனும் எடுத்திருப்பார்கள். மும்பையில் இன்னொன்றை ஒருபோதும் மறக்கக் கூடாது: டிபி. முதுகெலும்பு டிபியின் சீழ் சோவாஸ் உறைக்குள்ளேயே வழிந்து இறங்கி வரும். அது வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நடப்பது. மாலையில் இலேசான காய்ச்சல், எடை குறைவு, முதுகுவலி, தொட்டால் சூடு தெரியாத கட்டி. உங்கள் மகனுக்கு எட்டு நாளில் 103 டிகிரி வந்ததைப் பார்த்தால் சாதாரணப் பாக்டீரியா என்றே தோன்றுகிறது. ஆனாலும் எடுக்கும் சீழில் ஒரு பகுதி சிபிநாட் பரிசோதனைக்குப் போக வேண்டும். டிபி கிருமி இருக்கிறதா, முக்கியமான டிபி மருந்தான ரிஃபாம்பிசின் வேலை செய்யுமா என்ற இரண்டையும் சில மணி நேரத்தில் சொல்லிவிடும். டிபி கல்ச்சருக்கு ஆறு வாரம்கூட ஆகும். அதற்காகக் காத்திருந்து மற்ற சிகிச்சையை நிறுத்திவைக்க மாட்டார்கள்.

மழைக்காலத்தில் மும்பைக் குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு கால்வலி என்றால் லெப்டோவும் (எலிக்காய்ச்சல்) டெங்குவும் நினைவுக்கு வருவது நியாயம். தேங்கிய தண்ணீரில் நடந்த குழந்தைக்கு இரண்டு கெண்டைக்காலிலும் வலி, கண் சிவப்பு என்றால் லெப்டோவைத் தேட வேண்டும். ஃப்ளூ காய்ச்சல் இறங்கும் நேரத்தில் திடீரென்று இரண்டு கெண்டைக்காலும் வலித்து, குழந்தை நுனிக்காலில் நடந்தால் அது வைரஸ் தசை அழற்சி. அதில் சிபிகே என்ற தசை நொதி ஆயிரக்கணக்கில் ஏறும். பார்ப்பவர் பயந்துவிடுவார், ஆனால் பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். சீழ் பிடிக்கும் நோயில் நேர்மாறு: ஒரு பக்கம் மட்டும் வலி, சிபிகே அநேகமாக நார்மல் அல்லது சற்றே கூடுதல். ஆகவே சிபிகே நார்மல் என்பதை வைத்துத் தசையில் ஒன்றுமில்லை என்று முடிவு கட்டக் கூடாது.

ஸ்கேன்களைப் பற்றி. எக்ஸ்ரே எலும்பைப் பார்க்க, தசைக்குள் காற்றுக் குமிழி இருக்கிறதா என்று பார்க்க. சோனோகிராஃபி தொடையிலும் கெண்டைக்காலிலும் திரண்ட சீழை நன்றாகக் காட்டும். ஆனால் முதல் கட்டத்திலும், இடுப்பு எலும்புக்கு உள்ளே இருக்கும் தசைகளிலும் ஏமாற்றிவிடும். சோனோகிராஃபி நார்மல் என்றும் காய்ச்சலும் வலியும் குறையவில்லை என்றும் இருந்தால் எம்ஆர்ஐ கேட்பது உங்கள் உரிமை. சீழ் திரள்வதற்கு முன்பே தசை வீக்கத்தை அது காட்டும், பக்கத்து எலும்பும் மூட்டும் ரத்தக்குழாயும் தப்பித்தனவா என்றும் காட்டும். சிறு குழந்தைகளை மயக்கித்தான் எடுக்க வேண்டியிருக்கும். சாப்பாடும் பாலும் ஆறு மணி நேரம் முன்பே நிறுத்தணும், வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பு வரை தரலாம். பசிக்கிறதே என்று இடையில் ஒரு பிஸ்கட் கொடுத்தால் அன்றைய ஸ்லாட் போய்விடும். பெரிய ஆஸ்பத்திரிகளில் அடுத்த ஸ்லாட் எப்போது என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்தது சீழை எடுப்பது. எடுக்காமல் மருந்திலேயே சரிப்படுத்த முடியாதா என்று கேட்கிறீர்கள். முதல் கட்டத்தில் முடியும். ஓரிரு சென்டிமீட்டர் அளவிலான சின்னச் சீழ்க்கட்டிகளும் சில நேரம் மருந்திலேயே கரைகின்றன. ஆனால் திரண்ட பெரிய சீழுக்குள் ரத்தக்குழாய் கிடையாது. ரத்தத்தில் ஓடும் மருந்து அதன் நடுவே போதிய அளவில் சேராது. அங்கே அமிலத்தன்மையும் அதிகம், கிருமியும் மெதுவாகப் பெருகும், இவை இரண்டும் சில மருந்துகளின் வேகத்தைக் குறைத்துவிடும். ஆகவே எடுப்பதே வழி. அதோடு, எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது மசியும் என்று உறுதியாகச் சொல்வது அந்தச் சீழ்தான். ரத்தக் கல்ச்சரில் கிருமி வளர்வது பெரும்பான்மை குழந்தைகளுக்கு நடப்பதில்லை.

சோவாஸுக்குப் பொதுவாக சிடி ஸ்கேன் அல்லது சோனோகிராஃபி பார்த்துக்கொண்டே முதுகுப் பக்கமாக ஊசியைச் செலுத்தி, அதன் வழியே நுனி சுருண்ட மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டுவைப்பார்கள், பிக்டெய்ல் என்பார்கள். வெளியே ஒரு பை தொங்கும். சீழ் கெட்டியாக, அறை அறையாக இருந்தாலோ, குழாய் அடைத்துக்கொண்டாலோ திறந்து எடுக்க வேண்டிவரும். முதல் நாளிலேயே அதை உறுதியாகச் சொல்ல முடியாது, டாக்டர் சொல்லவில்லை என்று வருத்தப்பட வேண்டாம். குழாய் இருக்கும் நாட்களில் உங்கள் வேலை இரண்டு. பையை எப்போதும் படுக்கை மட்டத்துக்குக் கீழே வைத்திருப்பது. தினமும் ஒரே நேரத்தில் எத்தனை மில்லி வந்தது, என்ன நிறம் என்று ஒரு தாளில் எழுதுவது. 24 மணி நேரத்தில் 10 மில்லிக்குக் கீழே இறங்கி, காய்ச்சலும் இல்லை என்றால் குழாயை எடுப்பதைப் பற்றி யோசிப்பார்கள். திடீரென்று ஒரு துளிகூட வரவில்லை, ஆனால் காய்ச்சல் ஏறுகிறது என்றால் குழாய் அடைத்திருக்கிறது. உடனே சிஸ்டரிடம் சொல்லுங்கள். சுத்தமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டுக் காத்திருக்க வேண்டாம்.

மருந்து. ரத்தக் கல்ச்சர் எடுத்தவுடன் முதல் டோஸ் போக வேண்டும். குழந்தை தளர்ந்திருந்தால் சீழ் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது. சாதாரண ஸ்டெஃபைலோகாக்கஸுக்குச் சிறந்தவை கிளாக்சசிலின், செஃபசோலின். செஃபசோலின் ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 100 முதல் 150 மில்லிகிராம், மூன்றாகப் பிரித்து. 24 கிலோ பையனுக்கு எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 800 முதல் 1,200 மில்லிகிராம் வரும். வழக்கமான மருந்துக்கு மசியாத எம்ஆர்எஸ்ஏ என்ற ஸ்டெஃபைலோகாக்கஸ் வகை இந்தியாவில் குறைவில்லை என்பதால், ரிப்போர்ட் வரும்வரை வான்கோமைசினோ கிளிண்டமைசினோ சேர்த்துப் போடுவது வழக்கம். வான்கோமைசின் கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. அதாவது இவனுக்கு 360. அது குறைந்தது ஒரு மணி நேரம் மெதுவாக ஏற வேண்டும். வேகமாக ஓடினால் முகமும் கழுத்தும் சிவந்து அரிக்கும். டிரிப்ஸ் சக்கரத்தை நீங்களாகத் திருப்பிவிடாதீர்கள். சிறுநீரகத்தைப் பாதிக்கக் கூடியது, ஆகவே கிரியாட்டினின் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கல்ச்சரில் சாதாரண ஸ்டெஃபைலோகாக்கஸ் என்று வந்துவிட்டால் வான்கோமைசினை நிறுத்திவிட்டுச் செஃபசோலினுக்கோ கிளாக்சசிலினுக்கோ மாற வேண்டும். அந்தக் கிருமிக்கு இவையே வலுவானவை. பெரிய மருந்திலிருந்து சின்ன மருந்துக்கு இறக்குகிறார்களே என்று பயப்பட வேண்டியதில்லை. கிளிண்டமைசினுக்குக் கிருமி மசியும் என்று ரிப்போர்ட்டில் இருந்தாலும், டி டெஸ்ட் செய்தார்களா என்று கேளுங்கள். மருந்து பட்டதும் எதிர்ப்பைக் காட்டத் தொடங்கும் கிருமியை அந்த டெஸ்ட்தான் பிடிக்கும்.

இந்த அளவுகளை எழுதுவது கேஸ் பேப்பரில் உள்ளதைப் புரிந்துகொள்வதற்காக மட்டும். வீட்டில் கணக்குப் போட்டு மருந்து கொடுக்க அல்ல.

ஊசி எத்தனை நாள் என்பதைத் தேதி வைத்துச் சொல்வதில்லை. காய்ச்சல் 24 முதல் 48 மணி நேரம் வராமல் இருக்க வேண்டும், வலி குறைந்திருக்க வேண்டும், சிஆர்பி (அழற்சியைக் காட்டும் இன்னொரு ரத்தப் பரிசோதனை) உச்சத்திலிருந்து பாதிக்குக் கீழே இறங்க வேண்டும், ரத்தத்தில் கிருமி இருந்திருந்தால் மறு கல்ச்சரில் இல்லை என்று வர வேண்டும். அப்போது வாய்வழி மருந்துக்கு மாறலாம். எளிய கேஸில் மொத்தம் மூன்று முதல் நான்கு வாரம். எலும்பிலும் புகுந்திருந்தால் நான்கு முதல் ஆறு வாரம், சில நேரம் அதற்கும் மேல். வாய்வழி செஃபலெக்சின் என்றால் இவனுக்கு ஒரு நாளைக்கு 1,800 முதல் 2,400 மில்லிகிராம் வரை எழுதுவார்கள். தொண்டை வலிக்குத் தரும் அளவைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு அல்லது அதற்கும் மேல் இது. மெடிக்கல் ஸ்டோரில் ‘இவ்வளவா?’ என்று கேட்டால் நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள். லினசோலிட் எழுதினால் வாரம் ஒருமுறை ரத்த எண்ணிக்கை பார்க்கணும். இரண்டு வாரத்துக்கு மேல் போனால் தட்டணு குறையலாம்.

சிஆர்பியையும் ஈஎஸ்ஆரையும் ஒன்றாக நினைத்துக் குழம்பிவிடுகிறார்கள். சிஆர்பி சில நாளில் இறங்கும். ஈஎஸ்ஆர் வாரக்கணக்கில் உயரத்திலேயே நிற்கும். நோய் போன பிறகும் நிற்கும். அதைப் பார்த்துப் பதறத் தேவையில்லை. பதற வேண்டியது இதற்கு: சீழ் எடுத்து மூன்று நாள் ஆகியும் காய்ச்சல் இறங்கவில்லை என்றால். மருந்து பொருந்தவில்லை, அல்லது இன்னொரு இடத்தில் சீழ் இருக்கிறது, அல்லது எலும்போ மூட்டோ ரத்தக்குழாயோ மாட்டிக்கொண்டிருக்கிறது. மறுபடி ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தசைகளில் சீழ் பிடிப்பது அபூர்வம் இல்லை என்பதால், வலிக்காத மற்றக் கை கால்களையும் தினமும் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

நுரையீரல் கேள்விக்கு வருகிறேன், அது உண்மைதான். சீழ்பிடித்த தசையை ஒட்டிய பெரிய சிரை வீங்கி, அதற்குள் ரத்தம் உறையலாம். காலின் ரத்தத்தை மேலே கொண்டுபோகும் இலியக் சிரை சோவாஸை ஒட்டியே இருப்பதால் உங்கள் மகனின் விஷயத்தில் இதைக் கவனிப்பது முக்கியம். எம்ஆர்எஸ்ஏவில் பிவிஎல் என்ற நச்சை உண்டாக்கும் வகைகள் இதில் கில்லாடிகள். அந்த உறைகட்டி கிருமியோடு துண்டு துண்டாகப் பிரிந்து இதயம் வழியாக நுரையீரலில் போய்த் தங்கும். அங்கே பல இடங்களில் சின்னச் சின்னப் புண்கள், நீரோ சீழோ சூழ்வது, சில நேரம் காற்றுப்பை உடைவது. கால் முழுவதும் வீங்கி நிறம் மாறினாலோ, ஒரு நிமிடத்துக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினாலோ, மூச்சு இழுக்கும்போது நெஞ்சு வலித்தாலோ, இருமலில் ரத்தம் தெரிந்தாலோ அந்த நிமிடமே சொல்ல வேண்டும். காலுக்கு டாப்ளர் (ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன்), நெஞ்சுக்கு எக்ஸ்ரேயோ சிடியோ எடுப்பார்கள். உறைவு இருந்தால் எனோக்சபாரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி சேரும், ஆன்டிபயாடிக் நாட்கள் நீளும். கேட்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் நேரத்தில் பிடித்தால் குழந்தைகளின் நுரையீரல் வியக்கும்படி ஆறிவிடுகிறது.

பக்கத்து இடங்களுக்குப் பரவுவது இன்னொரு வகை. சிலருக்குச் சோவாஸ் தசைநாருக்கு அடியில் உள்ள பை இடுப்பு மூட்டோடு நேராகத் திறந்திருக்கும். அதன் வழியாக மூட்டுக்குள் சீழ் இறங்கலாம். மூட்டுக்குள் வந்தால் குருத்தெலும்பு அரிக்கப்படும், உள்ளே ஏறும் அழுத்தத்தால் தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் நிற்கும். ஒரு நாள் தாமதமும் பிற்காலத்தில் நொண்டலாக நிற்கலாம், ஆகவே அது இரவென்றாலும் ஆபரேஷன்தான். இடுப்பு எலும்பிலும் முதுகெலும்பிலும் புகலாம். சோவாஸ் ஊடாகப் போகும் தொடை நரம்பு அழுந்தினால் முழங்காலை நீட்ட வலுவிருக்காது, தொடை முன்பக்கம் மரத்துப்போகும். ரத்தத்தில் கிருமி தொடர்ந்து இருந்தால் எக்கோ எடுத்து இதய வால்வையும் இதய உறையையும் பார்ப்பார்கள்.

கெண்டைக்காலிலோ முழங்கைக்குக் கீழோ சீழ் பிடித்த குழந்தைகளுக்கு வேறொரு ஆபத்து. அங்கே தசைகள் இறுக்கமான உறைக்குள் இருப்பதால் வீக்கம் ஏறும்போது ரத்த ஓட்டமே நின்றுவிடும். சில மணி நேரத்தில் தசை செத்துப்போகும். சிறு குழந்தைக்கு இதை வார்த்தையில் சொல்லத் தெரியாது. ஓயாத அழுகை, அடங்காத பதற்றம், வலி மருந்து மேலும் மேலும் தேவைப்படுவது, கால் விரலை மெல்ல மேலே தூக்கினாலே அலறுவது, இவைதான் அறிகுறி. நாடி ஓடுகிறதே என்று ஆறுதல் கொள்ள முடியாது, நாடி கடைசியில்தான் மறையும். தசை பெருமளவில் அழிந்தால் சிறுநீர் கோலா நிறத்தில் போகும். சிறுநீரகம் அடைபடப் போகிறது என்று அர்த்தம்.

ஏ வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன் என்றேன். இதில் பல நேரம் அழகாகத் திரண்ட சீழ் இருக்காது. தசையும் அதன் உறையும் வாரக்கணக்கில் அல்ல, மணிக்கணக்கில் அழுகும். பார்வைக்கு ஒன்றுமே தெரியாதபோது தாங்க முடியாத வலி, பிறகு தோல் ஊதாவாகிக் கொப்புளம், கூடவே மயக்கம். சின்னம்மை போட்ட குழந்தைக்கு நான்காம் ஐந்தாம் நாள் காய்ச்சல் திரும்ப ஏறி ஒரு கை அல்லது கால் வலித்தால் இதைத்தான் முதலில் நினைக்க வேண்டும். அம்மைக் காய்ச்சலுக்கு இபுபுரோஃபென் வேண்டாம், பாரசிட்டமால் மட்டும் போதும் என்று சொல்வதும் இந்தக் கிருமியை மனதில் வைத்துத்தான். சிகிச்சை உடனடி அறுவை; அழுகிய தசை முழுவதையும் அகற்றுவது. பென்சிலினோடு கிளிண்டமைசின் சேர்ப்பது கட்டாயம், ஏனென்றால் பென்சிலின் கிருமியைக் கொல்லும், கிளிண்டமைசின் அது நச்சு உற்பத்தி செய்வதையே நிறுத்தும். இந்த நச்சு ரத்தத்தில் கலந்தால் உடம்பு முழுக்க வெயில் சுட்டதுபோல் சிவப்பு, வாந்தி, பேதி, ரத்த அழுத்தச் சரிவு என்று டாக்ஸிக் ஷாக் வரும். ஸ்டெஃபைலோகாக்கஸாலும் இது வரும். அப்போது இடம் ஐசியுதான்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் மூன்று தாள்கள் உங்கள் கையில் இருக்க வேண்டும்: கல்ச்சர் ரிப்போர்ட், எம்ஆர்ஐ படங்கள் உள்ள டிஸ்க்கோடு ரிப்போர்ட், எந்த மருந்து எந்தத் தேதிவரை என்று எழுதிய டிஸ்சார்ஜ் சம்மரி. முதல் மாதம் வாரம் ஒருமுறை சிஆர்பி. மறுபடி காய்ச்சல் வந்தாலோ, குறைந்த வலி கூடினாலோ, அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வார்டில் இருக்கும்போதே செலவைப் பற்றி யோசிக்கிறீர்கள் என்றால், மகாராஷ்டிரா அரசின் சிகிச்சைச் செலவுத் திட்டமான மகாத்மா ஜோதிராவ் ஃபுலே ஜன் ஆரோக்கிய யோஜனாவில் இந்தச் சிகிச்சை சேருமா என்று ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கும் ஆரோக்கிய மித்ரா என்ற திட்ட உதவியாளரிடம் ரேஷன் கார்டோடு போய்க் கேளுங்கள். டிஸ்சார்ஜ் ஆனபின் கேட்டால் ஒன்றும் நடக்காது.

நடப்பதைப் பற்றி. வலி விட்ட அளவுக்கு நடக்க விடலாம், எலும்பும் மூட்டும் பாதிக்காதவரை. வெகுநாள் மடக்கியே வைத்திருந்ததால் சோவாஸ் குறுகியிருக்கும். குழாய் எடுத்து வலி அடங்கியபின், பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி, குப்புறப் படுக்க வைத்து இருபது நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு வேளை. குப்புறப் படுத்தால் இடுப்பு தானாக நேராகும். யாரும் காலைப் பிடித்து இழுத்து நீட்டக் கூடாது. ஓட்டமும் ஃபுட்பாலும் மருந்து முடிந்து, வலியில்லாமல் இரு காலுக்கும் ஒரே வலு வந்தபின். பெரும்பாலும் ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம் எடுக்கும்.

வீட்டில் கிருமி இன்னும் இருக்கும். ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுக்கிற வீட்டில் ஒரே துண்டை எல்லோரும் பயன்படுத்துவது அதற்கு வசதி. ஆளுக்கொரு துண்டு, வாரம் ஒருமுறை நகம் வெட்டுவது, சொறிசிரங்கு (ஸ்கேபிஸ்) இருந்தால் வீட்டில் உள்ள அத்தனை பேரும் ஒரே இரவில் ஐந்து சதவீத பெர்மெத்ரின் பூசி ஒரு வாரம் கழித்து மறுபடி பூசுவது, இவை அதிகச் செலவில்லாத பாதுகாப்பு. வீட்டில் அடிக்கடி கொப்புளம், கட்டி வருகிறது என்றால் டாக்டர் முபிரோசின் களிம்பை மூக்கினுள் இரு வேளை ஐந்து நாள் போடச் சொல்வார், கூடவே குளோர்ஹெக்ஸிடின் குளியல்.

ஒரு முறை வந்த குழந்தைக்கு, எந்தக் காரணமும் தெரியாத பட்சத்தில், சர்க்கரையும் எச்ஐவியும் பார்த்தால் போதும். இரண்டாம் முறை ஆழத்தில் சீழ் பிடித்தாலோ, அண்ணன் தம்பிக்கும் ஈரலிலோ நிணநீர்க் கணுவிலோ இப்படிக் கட்டிகள் வந்திருந்தாலோ, வெள்ளணுக்களின் கிருமி கொல்லும் திறனைச் சோதிக்கும் டிஎச்ஆர் பரிசோதனையைக் குழந்தை டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். பரேலில் உள்ள வாடியா குழந்தைகள் ஆஸ்பத்திரி போன்ற குழந்தைகளுக்கே உரிய இடங்களில் இதற்கு வழிகாட்டுவார்கள்.